வென்றவன் வீழ்ந்த வரலாறு

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியில் நாள்தோறும் கிண்டியைக் கடக்கிறோம் நாம். குதிரைகள் ஓடிய திடல் அங்கே. குடும்பங்கள் குப்புற வீழ்ந்த இடமும் அதுவே! அந்தக் கொடுமை ஒழிய 1974-இல் கலைஞர் அரசு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் இயற்றியது. 1996-இல் உச்சநீதிமன்றமோ, குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது, சூதன்று எனத் தீர்ப்பளித்தது.

திறமை! அந்தச் சொல்லைத்தான் இன்று கைப்பேசியில் ரம்மி ஆடும் இளைஞரும் ஏந்துகின்றனர். "மூளையுள்ளவன் தோற்பானா, ஐயா?" என்று நம் மாணவர் ஒருவர் கேட்டார். வரலாறு விடை பகர்கிறது.

1953-இல் நியூயார்க்கில் பிறந்தவன் ஸ்டூ உங்கர். ரம்மியின் ஒரு வகையான ஜின் ரம்மியில் இளமையிலேயே இணையற்று விளங்கினான். எதிராளியின் கைச்சீட்டைக் கணித்துவிடும் கூர்மதி! தோல்விக்கு அஞ்சி எவரும் அவனோடு ஆட முன்வராத நிலை. எனவே போக்கருக்கு மாறினான். லாஸ் வேகாஸில் 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றான்.

வென்ற செல்வம் எங்கே? சீட்டில் வந்தது குதிரையிலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போயிற்று. எஞ்சியதைக் கொக்கேயின் விழுங்கிற்று. 1997-இல் நுழைவுக் கட்டணமான 10,000 டாலரை நண்பர் ஒருவர் கட்ட, மூன்றாம் முறையும் பட்டம் பெற்றான். பரிசு 10 லட்சம் டாலர். பாதி நண்பருக்கு, பாதி அவனுக்கு. மறு ஆண்டு நவம்பர் 22-இல், மலிவான விடுதி அறையில் பிணமாய்க் கிடந்தான். வயது 45. இறுதிச் சடங்கிற்கு நண்பர்கள் பணம் திரட்டினர்!

விதி என்பர் வைதிகர். விதியன்று, தோழர்களே! சீட்டை வெல்லும் திறன் வேறு. ஆசையை வெல்லும் திறன் வேறு. முன்னது அவனிடம் மலையளவு இருந்தது. பின்னது தினையளவும் இல்லை. அவன் வாழ்க்கையே இப்படியென்றால், அவனிடம் தோற்றவர் வாழ்க்கை எப்படி? ஆட்டத்தில் நெல் விளைவதில்லை, நூல் நூற்கப்படுவதில்லை. ஒருவன் பை நிரம்ப மற்றொருவன் பை காலியாக வேண்டும்.

2023-இல் தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று சென்னை உயர்நீதிமன்றம் அவற்றைத் தடையினின்று விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா தற்செயலா என்று பாராமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது.

சட்டம் வாயிலைத்தான் அடைக்கும். மனத்தை அறிவே அடைக்கும். கேட்ட மாணவருக்கு நாம் சொன்னது இதுதான்: "மூளையுள்ளவனும் தோற்றான், தம்பி. மூளையிருந்தால் ஆடாதே!"