முப்பது ஆண்டுகள் காத்திருந்த இரண்டு படங்கள்

விடிவெள்ளியாக நாம் காணும் வெள்ளிக் கிரகத்தின் தரை, சாதாரண தொலைநோக்கிக்குத் தெரிவதில்லை. கந்தக அமில முகில்கள் அதை முழுமையாக மூடியிருக்கின்றன. கீழே வெப்பநிலை ஏறக்குறைய 460 பாகை செல்சியஸ்.

நாசாவின் மகெல்லன் விண்கலம் 1990 ஆகஸ்டில் அங்கு சென்றடைந்தது. முகிலை ஊடுருவும் ராடர் அலைகளை அனுப்பி, அவை தெறித்துத் திரும்புவதைக் கொண்டு தரையின் 98 வீதத்தைப் படமாக்கியது. இப்படங்களில் கரடுமுரடான இடங்கள் வெளிச்சமாகவும், வழுவழுப்பான இடங்கள் இருளாகவும் தெரியும்.

விண்கற்கள் மோதிய குழிகள் ஏறத்தாழ ஆயிரம்தான் எண்ணப்பட்டன. சந்திரனோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. பழைய தரையை எரிமலைக் குழம்பு மூடிவிட்டது என்பதே இதன் பொருள். ஆனால் அந்த எரிமலைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றனவா? விண்கலம் 1994 இல் அழிந்தபோதும் இதற்கு நேரடிச் சான்று கிடைக்கவில்லை.

சான்று அப்படங்களுக்குள்ளேயே இருந்தது. அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ரொபேர்ட் ஹெரிக், ஒரே இடத்தை வெவ்வேறு காலங்களில் எடுத்த படங்களைத் தன் கண்ணாலேயே ஒப்பிட்டார். இதற்குச் சுமார் 200 மணித்தியாலங்கள் எடுத்தன. மாட் மொன்ஸ் என்ற பெரிய எரிமலையின் பக்கத்தில், 1991 பெப்ரவரியில் வட்டமாக 2.2 சதுர கிலோமீற்றர் பரப்பில் இருந்த ஒரு வாய், அதே ஆண்டு ஒக்டோபரில் உருக்குலைந்து ஏறக்குறைய 4 சதுர கிலோமீற்றராக விரிந்திருந்தது.

இரண்டு படங்களும் வேறு வேறு கோணங்களில் எடுக்கப்பட்டவை. கோணம் மாறினால் வடிவமும் மாறித் தெரியலாம் அல்லவா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, ஸ்கொட் ஹென்ஸ்லி என்ற ராடர் நிபுணர் கணினியில் பல மாதிரிகளைச் செய்து பார்த்தார். கோண வேறுபாட்டால் மட்டும் அப்படித் தெரிய வாய்ப்பில்லை என்ற முடிவுக்கு இருவரும் வந்தார்கள். 2023 மார்ச்சில் ஆய்வு வெளியானது.

மாட் என்பது பண்டைய எகிப்தியர் உண்மைக்கும் நீதிக்கும் வைத்திருந்த தெய்வத்தின் பெயர். எடுத்தபோது எவரும் கவனிக்காத படங்கள்தான் அவை. ஆனால் இடமும் திகதியும் குறிக்கப்பட்டு, அழியாமல் பேணப்பட்டிருந்தன. தேடுபவர் வந்தபோது அவற்றால் சாட்சி சொல்ல முடிந்தது அதனால்தான். வெள்ளியைப் பற்றி வாசித்ததில் என் மனதில் ஆழமாகத் தங்கியது இதுவே.