பசுமை இல்ல வாயுக்கள்: சேலம், நாமக்கல் சமவெளியின் கணக்கு

பூமி வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை ஈர்த்துக் காற்று மண்டலத்தைச் சூடேற்றும் வாயுக்களுக்குப் பசுமை இல்ல வாயுக்கள் என்று பெயர். நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இவை அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸாக இருக்கும்; இப்போதோ சுமார் 15 டிகிரி. உயிர் வாழ இவை வேண்டும், அளவு மீறுவதுதான் கேடு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் சுமார் 280 ஆக இருந்த கார்பன் டை ஆக்சைடு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது.

காற்றில் 99 விழுக்காடு நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். இரண்டும் ஒரே வகை அணுக்கள் ஜோடி சேர்ந்தவை. எப்படி அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கம் சாயாது. அதனால் தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர் இவற்றில் சிக்காமல் போய்விடும். கார்பன் டை ஆக்சைடின் கதை வேறு. நடுவே கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன் என நிற்கும் அந்த மூலக்கூறு வளைந்து வளைந்து அதிரக்கூடியது. 15 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் பட்டதும் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு அதிர்கிறது. பூமி மிகுதியாக உமிழும் கதிர்களின் நட்டநடுவில் இருக்கிறது அந்த அலைநீளம்.

வாங்கிய ஆற்றலைத் திரும்பக் கதிராக உமிழ அதற்குப் பெரும்பாலும் அவகாசம் கிடைப்பதில்லை. தரையருகே ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதுகிறது. மோதலில் ஆற்றல் கைமாறி, கதிரை ஈர்க்கத் தெரியாத நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தே சூடாகின்றன. சூடான காற்றிலுள்ள இவ்வாயுக்கள் எல்லாத் திசையிலும் கதிர் வீச, ஒரு பங்கு தரைக்கே திரும்புகிறது. தை மாதத்துத் தெளிந்த இரவில் நாமக்கல் மேட்டாங்காடு விடியும் முன் சில்லிட்டுப்போவதற்கும், மேகம் கவிந்த ஐப்பசி இரவில் புழுக்கம் தீராததற்கும் இதுவே பெரும் காரணம். அங்கே நீராவியும் மேகமும் அந்த வேலையைச் செய்கின்றன.

1856இல் அமெரிக்காவின் யூனிஸ் ஃபுட், கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் கூடுதலாகச் சூடாவதைக் கண்டார். 1859இல் ஜான் டின்டால் வாயுக்களின் ஈர்ப்பை ஆய்வகத்தில் அளந்தார். 1896இல் ஸ்வாந்தே அரேனியஸ் வெப்ப உயர்வைக் கணக்கிட்டார்.

தரையருகே அந்த 15 மைக்ரோமீட்டர் கதிர் ஏற்கெனவே முழுதும் ஈர்க்கப்படும்போது, இன்னும் கொஞ்சம் வாயு சேர்ந்தால் என்ன ஆகிவிடும் என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, விடைக்கு ஏற்காட்டுப் பாதையில் ஏற வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 8 டிகிரி குறைகிறது. மேலே போகப் போக இதே கணக்குதான். விண்வெளிக்குத் தப்பும் வெப்பம் சராசரியாக 5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கிளம்புகிறது. வாயு பெருகினால் அந்த மட்டம் இன்னும் மேலே, இன்னும் குளிர்ந்த காற்றுக்கு நகர்கிறது. குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர் வீசும். வெயில் வரத்து மாறாமல் வெளியேற்றம் மட்டும் குறைவதால், மிச்சம் கீழேயே தங்கிச் சமவெளியைச் சூடாக்குகிறது.

இந்த வட்டாரத்தில் வாயு எங்கிருந்து வருகிறது? மேட்டூர் அனல் மின் நிலையம் எல்லோருக்கும் தெரியும்: தலா 210 மெகாவாட் கொண்ட நான்கு அலகுகளோடு 2013இல் 600 மெகாவாட் அலகும் சேர்ந்தது. நிலக்கரியிலுள்ள ஒரு கிலோ கார்பன் எரிந்தால் 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும்.

கண்ணில் படாத மூலம் வெள்ளைக்கல். ஏற்காடு அடிவாரத்தில் வெட்டப்படும் மேக்னசைட், உருக்காலை உலைகளின் உட்சுவர்ச் செங்கல்லுக்காகச் சூளையில் சுடப்படுகிறது. ஒரு டன் தூய கல்லைச் சுட்டால் சுமார் 480 கிலோ மக்னீசியா மிஞ்சும்; மீதி 520 கிலோவும் கல்லுக்குள் இருந்த கார்பன் டை ஆக்சைடு. எரிபொருளின் புகை தனி.

குச்சிக்கிழங்கு அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர்க் குட்டையில் மாவுச்சத்து புளித்து, காற்றில்லாத அடிச்சேற்றிலிருந்து மீத்தேன் குமிழ்களாக மேலெழுகிறது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பமேற்றும். நாமக்கல் பண்ணைகளின் கோழி எரு தழைச்சத்து மிகுந்தது. வயலில் இட்டபின் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றுகின்றன. அதன் திறன் சுமார் 270 மடங்கு. வெப்பத்தின் அடியை முதலில் வாங்குவதும் அதே நாமக்கல் கோழிதான். வெயிலில் மூச்சு வாங்கும் கோழியின் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைய, முட்டை ஓடு மெலிந்துபோகிறது.

மேட்டூர்ப் புகையை அடக்குவது நாட்டின் மின் கொள்கையைப் பொறுத்த நீண்ட வேலை. குட்டையை மூடுவது அப்படியல்ல. கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டு, கிடைக்கும் வாயுவை ஆலையிலேயே எரிபொருளாகப் பயன்படுத்தும் முறை ஜவ்வரிசித் தொழிலில் ஏற்கெனவே வந்துவிட்டது. எஞ்சிய ஆலைகளும் இதற்கு மாற வேண்டும், அரசு கைகொடுக்க வேண்டும். காற்றில் மீத்தேனின் ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான். இன்று மூடும் குட்டையின் பலன் இந்தத் தலைமுறைக்கே கிடைக்கும்.