காலி இருக்கைகளின் வரலாறு

என் அண்ணன் மகள் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தாள். 2023இல் ஒரு நாள் அழாத குறையாகப் பேசினாள். “டிக்கெட் கிடைக்கல அத்தை. சீசன் மொத்தமும் வித்துப்போச்சாம்.” ஏதோ பாட்டுக் கச்சேரி என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, கூடைப்பந்து என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பையன்கள் ஆட்டத்துக்கு அங்கே அவ்வளவு கூட்டமா என்று கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, “பொண்ணுங்க ஆட்டம் அத்தை” என்றாள்.

இருபது வருடமாகப் பெண்ணியம் பேசுகிற, பாடம் நடத்துகிற எனக்குத் தானாகவே வாயில் வந்த கேள்வி அது. அன்று இரவு முழுக்க அது உறுத்திக்கொண்டிருந்தது. முன்பு நான் வேலைபார்த்த ஒரு கல்லூரியில் ஆண்கள் அணியின் இறுதிப் போட்டி என்றால் மதியத்தோடு வகுப்பை விட்டுவிடுவார்கள். பெண்கள் அணி ஆடும்போது திண்ணை போன்ற அந்தப் படிக்கட்டுகளில் உடற்கல்வி ஆசிரியையும் காலில் கட்டுப்போட்ட ஒரு மாணவியும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். நான் போனதுண்டா? ஒருமுறைகூட இல்லை. தேர்வுத்தாள் திருத்த வேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஏப்ரலில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான இறுதிப் போட்டியில் தென் கரோலினாவும் அயோவாவும் மோதின. தொலைக்காட்சியில் அதைச் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம். பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தை முந்தியது அதுவே முதல் முறை. எல்லாப் பத்திரிகைகளும் ஒரே காரணத்தைச் சொல்லின: கெய்ட்லின் கிளார்க். நடுக்கோட்டின் பக்கத்திலிருந்து பந்தை எறிந்து வளையத்துக்குள் போடும் அந்தப் பெண்ணின் திறமையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரே ஒரு பெண் வந்து கூட்டத்தைக் கூட்டிவிட்டாள் என்று சொல்லும்போது, அதற்கு முன்பு கூட்டமே இல்லை, இருந்திருக்கவும் முடியாது என்ற பொருள் அதில் ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் நான் பின்னோக்கிப் படிக்கத் தொடங்கினேன்.

ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தது 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில். கிட்டத்தில் நார்த்தாம்ப்டனில் ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரி. அங்கே உடற்பயிற்சி கற்பித்த செண்டா பெரென்சன், லித்துவேனியாவிலிருந்து சிறு வயதில் புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பத்துப் பெண். அவர் இந்தப் புது ஆட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டுத் தம் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். பெரென்சன் முதல் பந்தை மேலே எறியும்போதே அது ஒரு மாணவியின் நீட்டிய கையில் பட்டுத் தோள்மூட்டு விலகிவிட்டது. ஆட்டம் நிற்கவில்லை. 5-4 என்ற கணக்கில் இரண்டாமாண்டு வென்றது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்த அரங்கத்துக்குள் ஆண்களை விடவில்லை. கூடத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் பெண்கள். தங்கள் வகுப்பின் நிறங்களைத் தோரணம் கட்டி, தங்கள் அணிக்காகத் தொண்டை வறளக் கத்தியவர்கள். ஆகப் பெண்கள் கூடைப்பந்துக்கு முதல் நாளிலேயே ரசிகர்கள் இருந்தார்கள். நிறம், பாட்டு, சார்பு, பகை எல்லாம் இருந்தன. ‘பெண்கள் ஆட்டத்துக்கு விசுவாசமான ரசிகர் கூட்டம் எப்போது உருவாகும்?’ என்று இன்றும் கட்டுரை எழுதுகிறவர்கள் அந்தக் கூடத்துக்குள் ஒருமுறை எட்டிப்பார்க்கலாம்.

எட்டிப்பார்த்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். 1896 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு பெண்களும் பெர்க்லி பெண்களும் ஆடினார்கள். பெண்கள் அணிகள் இரு பல்கலைக்கழகங்களின் பெயரால் மோதிய முதல் ஆட்டம் அது என்கிறார்கள். ஆண்கள் முன்னால் ஆடமாட்டோம் என்றது பெர்க்லி. நூற்றுக்கணக்கான பெண்கள் பார்வையாளர்களாக வந்தார்கள். ஆண்கள் கூரைமேல் ஏறினார்கள். சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். காவலுக்கு நின்ற பெண்கள் கம்பால் அவர்களைத் துரத்தினார்கள். ஸ்டான்ஃபோர்டு 2-1 என வென்றது. மறுநாள் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின, படங்கள் வரைந்து போட்டன. ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்டான்ஃபோர்டின் ஆசிரியர் குழு பெண்கள் வெளிக்கல்லூரிகளோடு ஆடக் கூடாது என்று தடுத்துவிட்டது.

இதுவரை கதை எனக்கு வசதியானது. கதவைச் சாத்தியவர்கள் ஆண்கள், தட்டியவர்கள் பெண்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம். அடுத்து வருவதைப் படித்தபோதுதான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

1923இல் அமெரிக்காவின் பெண் உடற்கல்வியாளர்கள் ஒன்றுகூடினார்கள். தலைமை தாங்கியவர் லூ ஹென்றி ஹூவர். பின்னாளில் குடியரசுத் தலைவரின் மனைவி. பெண்களின் விளையாட்டு ஆண்களின் விளையாட்டைப் போல ஆகிவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. டிக்கெட் வசூலுக்காகப் பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது. ஒரு சில நட்சத்திரங்கள் ஆட மற்றவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பெண்ணும் ஆட வேண்டும். இன்று வாசித்தாலும் இதில் பாதிக்கு நான் கைதட்டுவேன். பெண்கள்மேல் விழும் ஆண்பார்வையை அவர்கள் சரியாகவே அடையாளம் கண்டார்கள். ஆனால் பார்வையைத் திருத்துவதற்குப் பதிலாகப் பார்வையாளரையே அகற்றினார்கள்.

அதற்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று ‘விளையாட்டு நாள்’. பல கல்லூரிப் பெண்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். ஆனால் ஒரு கல்லூரி இன்னொரு கல்லூரியோடு மோதாது. எல்லாரையும் கலந்து அணி பிரிப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் தேநீரும் பிஸ்கட்டும். யாருக்காகக் கத்துவது? ‘நம்ம அணி’ என்று சொல்ல ஓர் அணியே இல்லை. ஒரு ரசிகையின் விசுவாசம் ஆண்டுக்கணக்காக ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே எதிரி இருந்தால்தான் வளரும். அந்த வேரையே கண்ணியத்தின் பெயரால் பிடுங்கிப் போட்டார்கள். பல கல்லூரிகளில் இது நாற்பது ஆண்டுகள் நீடித்தது. செய்தவர்கள் பெண்கள், நம்மைப் போலப் படித்த, நம்மைப் போல நல்லெண்ணம் கொண்ட நடுத்தர வர்க்கப் பெண்கள்.

எல்லா இடத்திலும் இது செல்லுபடியாகவில்லை. வட கரோலினாவில் கறுப்பினப் பெண்களுக்கான பென்னட் கல்லூரி 1930களில் வலுவான அணி வைத்திருந்தது. பிலடெல்ஃபியாவின் கறுப்பினப் பத்திரிகையான ‘டிரிப்யூன்’ நடத்திய அணி 1934இல் அங்கே வந்து ஆடியது. அதில் ஆடிய ஓரா வாஷிங்டன் டென்னிஸிலும் சாம்பியன். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். ‘பெண்ணுடல் மென்மையானது’ என்ற அக்கறை அவரைப் போன்றவர்களின் உடலை நினைத்துச் சொல்லப்பட்டதே அல்ல.

அயோவாவின் சிற்றூர்களும் கேட்கவில்லை. 1925இல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் பெண்கள் போட்டியைக் கைவிட்டபோது, சோளக்காட்டு ஊர்களின் பள்ளிகள் பெண்களுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கின. சாணி அள்ளி, மாடு கறந்து வளர்ந்த மகளிடம் போய் ‘ஓடாதே, உடம்புக்கு ஆகாது’ என்று எந்த அப்பா சொல்வார்? அங்கே ஆடப்பட்டது அறுவர் ஆட்டம். மூன்று பேர் ஒரு பாதியில் எறிய மட்டும், மூன்று பேர் மறுபாதியில் தடுக்க மட்டும். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்குமேல் தட்டக் கூடாது. பெண்களால் முழு ஆடுகளமும் ஓட முடியாது என்று பெரென்சன் காலத்தில் களத்தைக் கூறுபோட்டதன் மிச்சம் இது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டுப்பாட்டினாலேயே எறிபவர்கள் எறிவதில் அசுரத் தேர்ச்சி பெற்றார்கள். 1968 மாநில இறுதிப் போட்டியில் யூனியன்-விட்டன் பள்ளியும் எவர்லி பள்ளியும் கூடுதல் நேரம்வரை ஆடி 113-107 என முடித்தன. ஜெனெட் ஓல்சன் என்ற பெண் மட்டும் 76 புள்ளிகள். வென்ற அணியின் டெனிஸ் லாங் 64. டெ மாய்ன் நகரின் பெரிய அரங்கம் நிரம்பி வழிய, அந்த வாரம் ஊர்களே காலியாகக் கிடக்கும்.

கிழக்கே வேறொரு கூட்டம் உருவாகியிருந்தது. பிலடெல்ஃபியாவுக்கு வெளியே இம்மாகுலாட்டா என்ற சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. அதன் விளையாட்டுக் கூடம் தீயில் எரிந்துபோயிருந்தது. 1972இல் முதல் தேசியப் போட்டிக்குப் போகப் பணமில்லாமல் பல்துலக்கும் பிரஷ் விற்றார்கள். கிடைத்த காசில் எட்டு வீராங்கனைகளைத்தான் அனுப்ப முடிந்தது. அவர்கள் கோப்பையோடு திரும்பினார்கள். அடுத்த இரண்டு ஆண்டும் அதே கோப்பை. ஒரு வீராங்கனையின் அப்பா இரும்புக்கடை வைத்திருந்தார். அவர் தகர வாளிகளைக் கொண்டுவந்து கொடுக்க, கன்னியாஸ்திரிகள் அங்கிகளோடு உட்கார்ந்து அவற்றைத் தட்டித் தட்டி அரங்கத்தை அதிரவைத்தார்கள். அந்த வாளிச் சத்தத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் கண்ணும் கலங்கும். 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல்முறையாகப் பெண்கள் கல்லூரி ஆட்டம் நடந்தபோது, இம்மாகுலாட்டாவையும் குயின்ஸ் கல்லூரியையும் பார்க்க ஏறக்குறைய 12,000 பேர் வந்தார்கள்.

இதற்குள் 1972இல் ‘டைட்டில் ஒன்பது’ என்ற சட்டம் வந்துவிட்டது. அரசுப் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தால் யாரையும் விலக்கக் கூடாது; ஆங்கிலத்தில் 37 சொற்கள். விளையாட்டு என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனாலும் ஆண்கள் விளையாட்டை நடத்தியவர்களுக்கு உடனே வியர்த்தது. 1974இல் டெக்சஸைச் சேர்ந்த செனட்டர் ஜான் டவர், வருமானம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அதாவது கூட்டம் வருகிற இடத்தில் சமத்துவம் வேண்டாம். அரை நூற்றாண்டு கூட்டம் சேர்க்காதே என்று சொல்லி வைத்திருந்தவளிடம், உனக்குக் கூட்டம் இல்லையே என்று கணக்குக் கேட்டார்கள். திருத்தம் நிறைவேறவில்லை. அந்த வாதம் மட்டும் இன்றுவரை சாகவில்லை.

அயோவா பல்கலைக்கழகத்தில் பெண்கள் விளையாட்டுத் துறை தனியாக இயங்கியது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த கிறிஸ்டீன் கிராண்ட் 1973 முதல் அதன் இயக்குநர். 1983இல் அவர் விவியன் ஸ்டிரிங்கரைப் பயிற்சியாளராக அழைத்துவந்தார். முந்தைய ஆண்டு, செய்னி ஸ்டேட் என்ற வசதியற்ற கறுப்பினக் கல்லூரியின் அணியைத் தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டுபோன கறுப்பினப் பெண் அவர். அரங்கத்தை நிரப்பிக் காட்ட வேண்டும் என்று இருவரும் ஊர் ஊராகப் பேசி ஆள் திரட்டினார்கள். 1985 பிப்ரவரி 3 அன்று ஒஹையோ ஸ்டேட் அணியோடு ஆட்டம். ஏறக்குறைய 15,500 பேர் உட்காரக்கூடிய இடத்தில் 22,157 பேர் நுழைந்துவிட்டார்கள். படிகளில், நடைபாதைகளில், ஒருவர்மேல் ஒருவராக. அன்று அயோவா தோற்றது. தோல்வியை இன்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அந்த 22,157 பேர் எங்கிருந்தோ குதித்தவர்கள் அல்லர். அறுவர் ஆட்டம் ஆடியவர்கள், அவர்களின் தங்கைகள், தாய்மார்கள், மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அப்பாக்கள். கெய்ட்லின் கிளார்க் பிறப்பதற்குப் பதினேழு வருடம் முன்பு நடந்தது இது. 2023 அக்டோபரில் கால்பந்துத் திடலில் கூடைப்பந்துக் களம் போட்டு அதே அயோவா ஆடியபோது 55,646 பேர் வந்தார்கள் என்றால், நிலம் அத்தனை காலமாக உழப்பட்டிருந்தது.

இடையில் நடந்த ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2021 தேசியப் போட்டியின்போது ஆண்களுக்குப் பெரிய பயிற்சிக் கூடம். 64 பெண்கள் அணிகளுக்கு ஒரு சிறு எடைத்தட்டும் சில யோகா பாய்களும். ஆரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் அதை வீடியோ எடுத்துப் போட, இடம் போதவில்லை என்ற சாக்கு ஒரே நாளில் உடைந்தது. அதன்பின் நடந்த விசாரணை, பெண்கள் போட்டியின் ஒளிபரப்பு மதிப்பையே அமைப்பு குறைத்து வைத்திருந்தது என்று சொன்னது. ‘மார்ச் மேட்னஸ்’ என்ற பிரபலமான பெயரைக்கூட 2022 வரை பெண்கள் போட்டிக்குத் தரவில்லை. வென்ற ஆண்கள் அணிகளுக்கு 1991இலிருந்து வருமானப் பங்கு கிடைத்தது. பெண்கள் அணிகளுக்கு 2025இல்தான்.

கிளார்க்கின் அணியை அந்த இறுதிப் போட்டியில் வென்ற தென் கரோலினாவைப் பற்றிப் பத்திரிகைகள் குறைவாகவே எழுதின. 2014-15 பருவத்திலிருந்து பெண்கள் ஆட்டங்களுக்கு நாட்டிலேயே அதிகக் கூட்டம் வருவது அங்கேதான். பயிற்சியாளர் டான் ஸ்டேலி தம் ரசிகர்களை ரசிகர்கள் என்பதில்லை. குடும்பம் என்ற பொருள்பட ‘ஃபேம்ஸ்’ என்கிறார். அவர் கறுப்பினப் பெண். அவர் அணியிலும் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். ஒரு வெள்ளை நட்சத்திரத்தால் கூட்டம் பிறந்தது என்ற கதைக்கு அவர்கள் இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும்.

அண்ணன் மகளுக்குக் கடைசியில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு யாரோ விட்டுக்கொடுத்த டிக்கெட் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. நாற்பது வருடமாகச் சீசன் டிக்கெட். அரங்கத்தில் நூறு பேர்கூட இல்லாத இரவுகளிலும், பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவராம். பள்ளியில் அறுவர் ஆட்டத்தில் தடுப்பவராக இருந்தவர். பள்ளிக்காலம் முழுக்க ஒருமுறைகூட நடுக்கோட்டைத் தாண்டியதில்லை என்று சொல்லிச் சிரித்தாராம். ஆட்டம் தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டார். எதிரணி பந்தைக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டாராம், தடுப்பதற்கு.

நான் இப்போது வேலைசெய்யும் இடத்தில் பெண்கள் அணி வியாழக்கிழமைதோறும் நாலரை மணிக்கு ஆடுகிறது. ஐந்து வாரமாகப் போகிறேன். விதிகள் எல்லாம் இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவது வாரம் என் வகுப்பு மாணவிகள் நான்கு பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி, “மேடம், நாம எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.