கேமிங் பிசி: ரெடிமேடா வாங்கலாமா, அசெம்பிள் பண்ணலாமா?

சிவகிரியில இருக்கிற சித்தி பையன் போன வாரம் போன் பண்ணான். “அண்ணே, அப்பா ஒருவழியா ஓகே சொல்லிட்டாரு. புளியங்குடி மார்க்கெட்டுல எலுமிச்சை போட்ட காசுல 80,000 ரூபா தர்றாராம். ஆனா, அஞ்சு வருஷத்துக்கு வேற காசு கேட்கக் கூடாதாம். ரெடிமேட் வாங்கவா, அசெம்பிள் பண்ணவா?”

சென்னைக்காரங்களுக்கு இது ஈஸியான கேள்வி. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின பார்ட் மக்கர் பண்ணா, மறுநாளே கடைக்கு எடுத்துட்டுப் போயிடலாம். சிவகிரியில இருந்து மதுரை போய் வரவே ஒரு நாள் ஓடிடும். அதனால விலையோட சேர்த்து சர்வீஸையும் பார்க்கணும் மக்களே!

ரெடிமேட் பிசி

பெட்டியைப் பிரிச்சு, பிளக் மாட்டினா விளையாட ஆரம்பிச்சிடலாம். ஒரிஜினல் விண்டோஸ் பெரும்பாலும் கூடவே வரும். எந்தப் பிரச்னைன்னாலும் ஒரே கம்பெனிதான் பொறுப்பு. வீட்டுக்கே வந்து சர்வீஸ் பண்ணுவாங்கன்னு சொன்னா, உங்க பின்கோடுக்கு அது உண்டான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

சிக்கல் எங்கே? விளம்பரத்துல பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும்தான் பெருசா இருக்கும். எஸ்.எம்.பி.எஸ், மதர்போர்டு என்ன மாடல்னு பல நேரம் தெரியாது. ராம் ஒரே ஸ்டிக்கா இருந்தா, சில கேம்கள்ல வேகம் குறையும். சில பிராண்டுகள் தங்களுக்குன்னு தனி அளவுல மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ் போடுவாங்க. பின்னாடி வெளியில வாங்கி மாத்துறது கஷ்டம்.

அசெம்பிள் பிசி

ஒவ்வொரு பார்ட்டையும் நீங்களே முடிவு பண்ணலாம். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டுக்கு பெரும்பாலும் 3 வருஷம் வாரன்ட்டி. நல்ல எஸ்.எம்.பி.எஸ்-க்கு 5 வருஷத்துக்கு மேலயும் கிடைக்கும். ஏ.எம்.டி-யோட ஏ.எம்.5 சாக்கெட் 2022-ல வந்தது. 2027 வரைக்காவது சப்போர்ட் உண்டுன்னு கம்பெனியே சொல்லியிருக்கு. அதாவது, மதர்போர்டை மாத்தாமலே பிராசஸரை மாத்திக்கலாம்.

ஆனா ஸ்க்ரீன் கறுப்பா நின்னா, தப்பு ராம்லயா, போர்டுலயான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஜி.எஸ்.டி பில்லும் சீரியல் நம்பரும் பத்திரம்!

ராம் விலையைப் பாருங்க

‘அசெம்பிள்னாலே சீப்’னு கண்ணை மூடிக்கிட்டு சொல்ல முடியாது. ஏ.ஐ டேட்டா சென்டர்களோட தேவையால 2025 கடைசியில ராம் விலை எகிறிடுச்சு. பழைய விலைக்கு ஸ்டாக் வெச்சிருக்கிற ரெடிமேட் பிசி சில சமயம் லாபமா அமையும். பட்டியல் போட்டு, ரெண்டையும் ஒரே நாள்ல ஒப்பிட்டுப் பாருங்க.

நம்ம ஊருக்கு இதெல்லாம் முக்கியம்

* யு.பி.எஸ்: சாதாரண 600 வி.ஏ யு.பி.எஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது பிசியும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டலாம். 1,000 வி.ஏ-க்கு மேல பாருங்க. இந்தச் செலவையும் பட்ஜெட்டுக்குள்ளயே வைங்க.
* எர்த்திங்: பழைய வீடுகள்ல மூணாவது பின் வேலை செய்யாம இருக்கலாம். கேபினெட்டைத் தொட்டா ‘சுர்’ருங்கும். முதல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.
* இடி, மின்னல்: யு.பி.எஸ்-ஸை நம்பி இருக்காம பிளக்கையே கழட்டிடுங்க. நெட் கேபிளையும் சேர்த்து!
* சாரல்: ஜன்னலோரமும் தரையும் வேண்டாம். ஈரமும் தூசியும் சேர்ந்தா ஃபேன், போர்டு ரெண்டுக்கும் ஆகாது.

அப்போ எதை வாங்குறது?

நேரமில்லை, ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டதே இல்லைன்னா ரெடிமேட். கத்துக்க ஆர்வமும் பொறுமையும் இருந்தா அசெம்பிள். நடுவுல மூணாவது வழியும் இருக்கு. பார்ட்ஸை நீங்க தேர்வு பண்ணி, ஒரே கடையில வாங்கி, அவங்களையே மாட்டி, கொஞ்ச நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

தம்பிக்கு அதைத்தான் சொன்னேன். அஞ்சு வருஷ கண்டிஷன் இருக்கிறதால, பின்னாடி ஒவ்வொண்ணா மாத்திக்கிற வசதி அவனுக்கு அவசியம். போனை வைக்கிறதுக்குள்ள சித்தப்பா வாங்கிக் கேட்டார்: “எல்லாம் சரிப்பா... ரிப்பேர் ஆனா யாரு பாப்பா?”

கடைக்காரர்கிட்ட முதல்ல கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்!