இரும்பு அறுவடை

இரும்பு அறுவடை என்பது முதலாம் உலகப் போரின் மேற்குப் போர்முனை அமைந்திருந்த பெல்ஜியம், வடக்குப் பிரான்ஸ் ஆகிய பகுதிகளின் விளைநிலங்களில் ஆண்டுதோறும் வெளிப்படும் வெடிக்காத எறிகணைகள், கையெறி குண்டுகள், முட்கம்பி, எறிகணைச் சிதறல்கள் முதலியவற்றைக் குறிக்கும் பெயராகும். உழவின்போதும் கிழங்குகளை அகழும்போதும் இவை மேலே வருவதால் இப்பெயர் ஏற்பட்டது. போர் முடிந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் இவ்வறுவடை ஓயவில்லை.

காரணங்கள்

1916 சூலை 1 அன்று தொடங்கிய சொம் போருக்கு முந்தைய ஒரு வாரத்தில் மட்டும் பிரித்தானியப் பீரங்கிகள் ஏறத்தாழ 15 இலட்சம் எறிகணைகளை வீசின. 1917 இல் பாசெண்டேல் போருக்கு முன் வீசப்பட்டவை 40 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவசரமாகத் தயாரிக்கப்பட்ட எறிகணைகளில் குறைபாடுகள் மிகுந்திருந்தன. பிளாண்டர்சின் சேறு மற்றொரு காரணம்: கடினமான பரப்பில் மோதி வெடிக்க வேண்டிய எறிகணை, இளகிய மண்ணில் வேகம் தணிந்து புதைந்துவிட்டது. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிவதால், புதைந்த பொருட்கள் கற்களைப் போலவே சிறிது சிறிதாக மேலே தள்ளப்படுகின்றன.

அடையாளம் காணல்

பொதுவழக்கில் எல்லாவற்றையும் "குண்டு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பீரங்கியிலேயே தங்கிவிடும் பித்தளை உறையும், பறந்து செல்லும் எறிகணையும் வேறு வேறு. அருங்காட்சியகங்களில் காணப்படும், படைவீரர்கள் பூவேலை செய்த பூச்சாடிகள் பெரும்பாலும் வெற்று உறைகளே. உறையின் அடிப்பகுதியில் தயாரித்த ஆலையின் குறியும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம்.

எறிகணையை முதலில் அதன் விட்டத்தைக் கொண்டே இனம் பிரிப்பர். பிரெஞ்சுக் களப் பீரங்கியின் விட்டம் 75 மில்லிமீட்டர், ஜெர்மனியருடையது 77, பிரித்தானிய 18 பவுண்டுப் பீரங்கியுடையது ஏறத்தாழ 84. இந்த 18 பவுண்டு வகைச் சிதறுகுண்டு எறிகணை ஒன்றினுள் சுமார் 375 ஈயக் குண்டுகள் இருந்தன. வயல்களில் கோலிக்குண்டு போலக் கிடப்பவை இவையே.

எறிகணையின் கீழ்ப்பகுதியைச் சுற்றியுள்ள செப்புப் பட்டை கவனிக்கத்தக்கது. பீரங்கிக் குழலின் சுருள் வரிகள் இப்பட்டையில் பதிந்திருந்தால் அது சுடப்பட்ட எறிகணை. சுடும்போது ஏற்படும் விசையும் சுழற்சியும் வெடிதூண்டியின் பாதுகாப்புத் தடைகளை நீக்கிவிடுகின்றன. ஆகவே சுடப்பட்டும் வெடிக்காதது மிகவும் ஆபத்தானது. வரிகள் இல்லையென்றால் பாதுகாப்பானது என்று கொள்ளலாகாது. பல எறிகணைகளில் நிரப்பப்பட்ட பிக்ரிக் அமிலம், உலோகத்துடன் வினைபுரிந்து, அதிர்ச்சிக்கு எளிதில் வெடிக்கும் பிக்ரேட்டு உப்புகளாக மாறக்கூடும். இதனைத் தடுக்கவே உட்சுவருக்கு வார்னிஷ் பூசினர். நூறாண்டு தாங்கும் என்று எவரும் கணக்கிட்டுப் பூசவில்லை.

நச்சு எறிகணைகள்

ஜெர்மனியர் தமது வேதியியல் எறிகணைகளைப் பச்சை, மஞ்சள், நீலச் சிலுவைக் குறிகளால் வேறுபடுத்தினர். பச்சை பாஸ்ஜீன் போன்ற மூச்சுத்திணறச் செய்யும் பொருட்களையும், மஞ்சள் 1917 சூலையில் ஈப்பர் அருகே முதன்முதலில் பயன்படுத்தப்பட்ட கடுகு வாயுவையும், நீலம் ஆர்சனிக் சேர்மங்களையும் குறித்தன. வண்ணப்பூச்சு துருவோடு போய்விட்டதால் இன்று வெளித்தோற்றத்தைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. எனவே ஊடுகதிர்ப் படம் எடுக்கப்படுகிறது. உள்ளே நீர்மம் இருப்பின் அதன் மட்டம் படத்தில் தெரியும். நீலச் சிலுவை வகையாயின் உள்ளிருக்கும் கண்ணாடிக் குப்பி தெரியும்.

சேகரிப்பும் அழிப்பும்

பெல்ஜியத்தில் இப்பணியை டோவோ எனப்படும் இராணுவப் பிரிவு செய்கிறது. உழவர்கள் கண்டெடுத்தவற்றை வயலோரத்திலோ சாலையோர மின்கம்பத்தின் இடைவெளியிலோ வைத்துவிட, படையினர் வந்து எடுத்துச் செல்வது நீண்டகால வழக்கம். தொடாமல் தகவல் தருவதே விதி. சாதாரண எறிகணைகள் பூல்கபெல்லெ தளத்தில் குழியிலிட்டு வெடிக்கச் செய்யப்படுகின்றன. நச்சு எறிகணைகளைப் பிரித்து அழிக்கும் ஆலை அங்கு 1990களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது.

நினைவுப்பொருளாகச் சேர்ப்போர் வெடிதூண்டியைக் கழற்ற முயன்று உயிரிழந்ததுண்டு. வெற்று உறைகளோடு நிற்பவர்களே அறிவுள்ள சேகரிப்பாளர்கள்.

சில நிகழ்வுகள்

1917 இல் மெசீன் மேட்டின் கீழ் வெடிக்காமல் விடப்பட்ட நிலச்சுரங்க வெடி ஒன்று, 1955 சூன் 17 அன்று மின்னலால் வெடித்தது. இறந்தது ஒரு பசு மட்டுமே. 2001 ஏப்ரலில் பிரான்சின் விமி நகரருகே இருந்த கிடங்கில் கடுகு வாயு எறிகணைகள் சிதைந்ததால் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். 2014 மார்ச்சில் ஈப்பரில் கட்டுமானப் பணியிடத்தில் எறிகணை வெடித்து இரு தொழிலாளர்கள் இறந்தனர்.

கடலிலும் இச்சிக்கல் உள்ளது. போர் முடிந்தவுடன் பெல்ஜியக் கரையருகே பார்டன்மார்க்ட் என்னும் மணற்திட்டில் ஏறத்தாழ 35,000 டன் வெடிபொருட்கள் கொட்டப்பட்டு மறக்கப்பட்டன. 1971 இல் தூர்வாரும்போது அவை மீண்டும் கண்டறியப்பட்டன. அப்பகுதியில் நங்கூரமிடவும் மீன்பிடிக்கவும் தடை உள்ளது.