வெட்ட வெட்ட முளைக்கும் கடல் பூ: ஒரு தொட்டிக் களையின் வரலாறு

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடலைப் பார்க்க இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். 1970களில் சிப்காட் வந்த பிறகு ஊருக்குள் வராத பொருளே இல்லை என்று சொல்லலாம். இன்று இப்படிப்பட்ட ஊரிலும் ஒரு அடுக்குமாடி வீட்டின் ஹாலில் கடல்நீர் மீன் தொட்டி வைக்க முடியும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து போர் தண்ணீர் உப்பும் ஃப்ளோரைடும் கலந்தது என்பதால் ஆர்.ஓ. தண்ணீர்தான் பயன்படுத்த வேண்டும். அதில் பாக்கெட் கடல் உப்பைக் கரைத்தால் கடல் தயார்!

ஆனால் கடலைக் கொண்டு வந்தால் கடலின் களையும் கூடவே வரும். அதன் பெயர் ஐப்டேசியா.

கடல் சாமந்தி என்று அழைக்கப்படும் அனிமோன் வகைகளில் இது ஒன்று. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் இது ஒரு விலங்கு. பழுப்பு நிறம், பாதி கண்ணாடி போன்ற உடல், சில சென்டிமீட்டர் உயரம், தலையில் கொத்தாக விரல்கள். அந்த விரல்களில் கொட்டும் செல்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டும், இடத்தைப் பிடிக்கும், மீன் தீவனத்தில் பங்கு கேட்கும். முதல் நாள் ஒன்று தெரியும். "அழகாகத்தானே இருக்கிறது" என்று விட்டால், சில மாதங்களில் பாறை முழுக்க அதுதான்.

பிய்த்தால் என்ன ஆகும்?

எல்லோரும் முதலில் செய்வது அதைப் பிய்த்து எறிவது. அங்கேதான் தப்பு நடக்கிறது. ஐப்டேசியா நகரும்போதே தன் அடிப்பாதத்திலிருந்து சின்னச் சின்னத் துணுக்குகளை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு முழு அனிமோனாக வளரும். ஜோடி தேவையில்லை, விதை தேவையில்லை. தொட்டால் பாறைப் பொந்துக்குள் சுருங்கிக்கொள்ளும். கத்தியால் சுரண்டினால் ஒன்று பத்தாகும். கோரைப் புல்லை மேலாக அறுத்துவிட்டு வயல் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

இன்னொரு வசதியும் அதற்கு உண்டு. அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்து வீட்டு வாடகை மாதிரி அனிமோனுக்குக் கொடுக்கிறது. தீவனத்தை நிறுத்திப் பட்டினி போட்டால் சாகாது, விளக்கை அணைத்தாலும் சீக்கிரம் சாகாது.

கடல் வீட்டுக்குள் வந்த கதை

1846-ல் லண்டனில் ஆனா தைன் என்ற பெண்மணி, கடற்கரையிலிருந்து கொண்டு வந்த பவள உயிரிகளை வீட்டில் வளர்த்துப் பார்த்தார். தண்ணீரில் காற்று கலக்க மோட்டார் கிடையாது. வேலைக்காரப் பெண் ஜன்னலோரம் நின்று தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நம் ஊர் டீக்கடையில் டீ ஆற்றுவது போல!

அடுத்து வந்தவர் ஃபிலிப் ஹென்றி காஸ். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் திறக்கப்பட்ட மீன் மாளிகைக்கு உயிரினங்களைச் சேர்த்துக் கொடுத்தவர் அவர். 1854-ல் அவர் எழுதிய 'தி அக்வேரியம்' என்ற புத்தகம்தான் அந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டு போனது. சாதாரண உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வெளியிட்டார். இன்று ஓசூரில் கரைக்கப்படும் பாக்கெட் உப்புக்கு அவர்தான் தாத்தா எனலாம். ஏற்கெனவே 1845-ல் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீக்கப்பட்டு கண்ணாடி விலை இறங்கியிருந்தது. தொட்டி ஒரு ஃபேஷன் ஆனது.

இந்தக் காஸ்தான் 1858-ல் 'ஐப்டேசியா' என்ற பேரினப் பெயரையும் சூட்டினார்! அக்வேரியத்தை ஊரறியச் செய்தவரும் அக்வேரியத்தின் களைக்குப் பெயர் வைத்தவரும் ஒரே ஆள். அவருக்கு அது களை என்று தெரியாது. அந்தக் காலத்தில் அனிமோன்தான் தொட்டியின் ராஜா. ஸ்காட்லாந்தில் 1828-ல் பிடிக்கப்பட்டு ஜாடியில் வளர்க்கப்பட்ட ஒரு அனிமோனுக்கு 'கிரானி', அதாவது பாட்டி, என்று செல்லப் பெயர். அதைப் பிடித்த சர் ஜான் டாலியெல் 1851-ல் இறந்துவிட்டார். பாட்டி கைமாறிக் கைமாறி 1887 வரை வாழ்ந்தது. இவற்றைக் கொல்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு அன்றே கிடைத்த பதில் அது.

தமிழ்நாட்டிலும் இந்த ஆர்வம் வந்தது. 1909-ல் சென்னை மெரினாவில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை அது. 1919-ல் மீன்வளத் துறையின் பொறுப்புக்குப் போய், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

களை நுழைந்த கதவு

ஐப்டேசியா பெரிய தொல்லையானது எப்போது? தொட்டிக்குள் 'உயிர்ப்பாறை' வந்த பிறகு. 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தன் முறையைப் பற்றி ஒரு அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். பெரிய ஃபில்டர் எதுவும் வேண்டாம், கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறையைத் தொட்டியில் வைத்தால் அதிலுள்ள நுண்ணுயிர்களே தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்றார். பின்னர் ஜெர்மனியில், குறிப்பாக பெர்லினில், ஆர்வலர்கள் இதே வழியை மெருகேற்றினார்கள். 1980களில் அது அமெரிக்காவில் பரவியது. பவளம் வீட்டுத் தொட்டியில் வளர ஆரம்பித்தது.

பாறையோடு நல்ல பாக்டீரியா வந்தது, புழு வந்தது, பொந்துக்குள் சுருங்கி உட்கார்ந்த ஐப்டேசியாவும் வந்தது. டிக்கெட் இல்லாத பயணி!

அதன் பிறகு ஆரம்பித்தது போர். கொதிக்கும் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று எல்லாவற்றையும் சிரிஞ்சில் ஏற்றிக் குத்தினார்கள். ஓரளவு பலன் கொடுத்தது நம் வீட்டு வெற்றிலைப் பெட்டிச் சாமான்தான். சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து அனிமோனின் வாயில் வைத்தால் அது கருகிவிடும். ஆனால் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது மட்டும்தான் சாகும். பாறைக்குப் பின்னால் இருப்பது? அளவு கூடினால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மற்றவையும் பாதிக்கப்படும். செலவு ஏறிக்கொண்டே போகும், சரக்கு குறையாது. கடைசியில் பலர் பாறையை வெளியே எடுத்துக் காய வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். பல வருட உழைப்பு ஒரே நாளில் போனது.

சைதாப்பேட்டை சொன்ன பாடம்

இந்த இடத்தில் கொஞ்சம் தரைக்கு வரலாம். இதே பிரச்சினையை சென்னை மாகாணம் இருநூறு வருடம் முன்பே பார்த்துவிட்டது.

சப்பாத்திக்கள்ளி நம் ஊர்ச் செடி அல்ல, அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதில் வாழும் காச்சினீல் பூச்சியிலிருந்து விலை உயர்ந்த சிவப்புச் சாயம் கிடைக்கும். ஸ்பெயினின் கையில் இருந்த அந்த வியாபாரத்தைப் பிடிக்க கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கொண்டு வந்து கல்கத்தாவில் சேர்த்தார். ஆனால் வந்தது சாயத்துக்கு உரிய நல்ல பூச்சி அல்ல. அதே ஜாடையில் இருக்கும் வேறு இனம்! சாயம் மட்டமாக இருந்தது, வியாபாரம் படுத்தது. பூச்சி மட்டும் கள்ளியை மொத்தமாகத் தின்று தீர்த்தது.

வியாபாரத்தில் நஷ்டமான அந்தப் பூச்சியே பிறகு உதவிக்கு வந்தது. 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவில் பரவிக் கிடந்த கள்ளியை ஒழிக்க அதைக் கொண்டு வந்து விட்டார்கள். ஒரு களையை அதன் இயற்கை எதிரியை வைத்து ஒழித்த உலகின் ஆரம்ப கால வெற்றிகளில் இது ஒன்று. ஆனால் அந்தப் பூச்சி ஒரு வகைக் கள்ளியை மட்டும்தான் தொட்டது. இன்னொரு வகைக் கள்ளி தப்பித்துப் பரவியது. அதற்கு வேறு இனக் காச்சினீல் வேண்டும் என்று தெரிந்து, 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டு வந்து விட்ட பிறகுதான் அதுவும் அடங்கியது.

அதாவது, களைக்கு எதிரி இருந்தால் போதாது. சரியான எதிரியா என்று பார்க்க வேண்டும்.

தொட்டிக்குள் ஆள் மாறாட்டம்

மீன் தொட்டிக்காரர்கள் இதே பாடத்தைத் திரும்பப் படித்தார்கள். முதலில் நம்பியது காப்பர்பேண்ட் என்ற பட்டாம்பூச்சி மீனை. சில மீன்கள் ஐப்டேசியாவைத் தின்னும், சில திரும்பியும் பார்க்காது. பல மீன்கள் தொட்டியில் சாப்பிடாமலேயே செத்துப் போகும். கிளாத்தி வகையைச் சேர்ந்த ஒரு சின்ன மீனும் ஐப்டேசியாவைத் தின்னும். ஆனால் சில சமயம் பவளத்தையும் கொறிக்கும்.

அடுத்தது பெப்பர்மின்ட் இறால். அது ஐப்டேசியாவைத் தின்று கட்டுப்படுத்துகிறது என்பதை 2004-ல் வெளிவந்த ஒரு ஆய்வு உறுதி செய்தது. ஆனால் கடையில் அதே பெயரில், அதே சிவப்புக் கோட்டோடு விற்கப்பட்டது சில சமயம் ஒட்டக இறால். அது ஐப்டேசியாவை விட்டுவிட்டு பவளத்தைத் தின்னும்! அது போதாது என்று, 2006-ல் உண்மையான பெப்பர்மின்ட் இறாலையே ஆராய்ந்து பார்த்தபோது, ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருந்தது தெரிந்தது.

மூன்றாவது, பெர்கியா என்ற ஓடில்லாத குட்டிக் கடல் நத்தை. இதன் சாப்பாடு ஐப்டேசியா மட்டுமே. வேறு எதையும் தொடாது. 1990-ல் இதை ஆய்வகத்தில் முட்டை முதல் வளர்க்கும் முறை வெளியானது. இந்த நத்தையின் பெயரும் தப்பு என்று 2005-ல் தெரிய வந்து, புது இனமாகப் பெயரிடப்பட்டது. ஐப்டேசியாவின் கதையும் அதுதான். உலகம் முழுவதும் வேறு வேறு பெயரில் எழுதப்பட்டவை உண்மையில் ஒரே இனம் என்று 2014-ல் காட்டப்பட்டு, அதற்கு எக்ஸைப்டேசியா என்று புதிய பேரினமே கொடுக்கப்பட்டது.

பெர்கியா மெதுவாகத்தான் வேலை செய்யும். இரவில்தான் வெளியே வரும். தொட்டியில் கடைசி ஐப்டேசியா தீர்ந்தால் நத்தையும் பட்டினியால் சாகும். அதனால் வேலை முடிந்ததும் அடுத்த நண்பரின் தொட்டிக்கு அனுப்பி வைப்பார்கள், அறுவடை இயந்திரம் ஊர் ஊராகப் போவது போல.

இந்தியாவில் கதவு எங்கே?

இந்தியாவில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து பவளத்தை எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986-லேயே கடல் தேசியப் பூங்கா ஆகிவிட்டன. அங்கே சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டி எடுத்த வரலாறு இருப்பதால், இந்தச் சட்டத்தின் அவசியம் தமிழ்நாட்டுக்கு நன்றாகவே தெரியும்.

காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் வெளியிட்ட தன் நினைவுக் குறிப்பில் இதையே வருந்தி எழுதினார். அப்பாவின் புத்தகங்களைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, அந்தக் கரையோரப் பாறைக் குட்டைகளைக் காலி செய்துவிட்டார்கள் என்று.

ஆக, இங்கே தொட்டி வைப்பவருக்குச் சட்டமும் அறிவியலும் ஒரே வழியைத்தான் காட்டுகின்றன. கடல் பாறையைத் தேடாமல், காய்ந்த செயற்கைப் பாறையில் ஆரம்பிக்க வேண்டும். பொரிப்பகத்தில் வளர்த்த மீனை வாங்க வேண்டும். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் உள்ள கடல் ஆய்வு மையங்கள் கோமாளி மீனைப் பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. புதிதாக எது வந்தாலும் சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் ஐப்டேசியா தெரிந்த அன்றே, அது ஒட்டியிருக்கும் கல்லோடு வெளியே எடுத்துவிட வேண்டும். இது எல்லாவற்றிலும் மலிவான மருந்து.

களைக்கு ஒரு நல்ல காலம்

தொட்டிக்காரர்கள் சபிக்கும் அதே குணங்களை ஆய்வகங்கள் கொண்டாடுகின்றன. சீக்கிரம் பெருகும், சாகாது, ஒன்றிலிருந்து ஆயிரம் நகல் எடுக்கலாம், உள்ளே பாசி வேறு இருக்கிறது. பவளமும் இதே போல் பாசியோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது. கடல் சூடாகும்போது அந்தக் கூட்டு உடைந்து பவளம் வெளுத்துப் போகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படித்தான் பெரிய அளவில் வெளுத்தது. உயிருள்ள பவளத்தை ஆய்வகத்தில் வளர்ப்பது கஷ்டம். அதற்குப் பதிலாக ஐப்டேசியாவை வைத்து அந்தக் கூட்டு எப்படி உருவாகிறது, ஏன் உடைகிறது என்று தேடுகிறார்கள். 2015-ல் அதன் மரபணுத் தொகுதி முழுதும் படித்து வெளியிடப்பட்டது.

தொட்டியில் பவளத்தைக் கொட்டிக் கொல்லும் பூ, கடலில் பவளம் ஏன் சாகிறது என்பதற்கான பதிலையும் வைத்திருக்கிறது. பெயர் சரியாகத் தெரியாத காலத்தில் அது வெறும் தொல்லை. யார் என்று தெரிந்த பிறகு, அதை ஒழிக்கவும் வழி கிடைத்தது, அதனிடம் கற்றுக்கொள்ளவும் வழி கிடைத்தது.