கொல்லிமலையின் சுமைகள்

நரம்புச் சிலந்தியை வெளியே எடுக்கப் பொறுமை வேண்டும். காலில் கொப்புளம் வெடித்து, வெள்ளை நூல் போல ஒரு புழு தலைகாட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே தங்கிய பாதி சீழ் பிடித்துக் காலையே முடக்கிவிடும். அதனால் அதன் நுனியைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுவார்கள். புழு ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். முழுதும் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் காலை வைத்துக்கொண்டு ஏர் பிடிக்க முடியாது, விறகு சுமக்க முடியாது, மலை ஏற முடியாது.

நூறு ஆண்டுகளுக்கு முன் கொல்லிமலையில் ஒரு சிறுவன் இதை அடிக்கடி பக்கத்திலிருந்து பார்த்தான். குச்சியைச் சுற்றியவர் அவன் அப்பா ஜெஸ்ஸி பிராண்ட். பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு வைத்தியம் படித்துவிட்டு வந்த மிஷனரி. 1913-ல் ஈவ்லினை மணந்து, அவரோடு மலையேறி வாழவந்தியில் குடியேறினார். அடுத்த ஆண்டு ஜூலையில் பிறந்த அந்தப் பையன்தான், பின்னாளில் தொழுநோய் பற்றிய மருத்துவ உலகின் எண்ணத்தையே மாற்றிய பால் பிராண்ட்.

அன்றைய கொல்லிமலைக்கு இப்போதைய மலைச்சாலை கிடையாது. அடிவாரத்திலிருந்து சுமார் ஆயிரம் மீட்டர் உயரம் ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். உப்பும் துணியும் தலைச்சுமையாக மேலே போயின. தேனும் கடுக்காயும் தலைச்சுமையாகக் கீழே வந்தன. நடக்க முடியாதவர்களை டோலியில் வைத்து ஆட்கள் தூக்கினார்கள். வல்வில் ஓரி ஆண்ட மலை என்றும் கொல்லிப்பாவை காத்த மலை என்றும் சங்க இலக்கியம் அறிந்த இடம்தான் அது. ஆனாலும் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் மேலே தங்கத் தயங்கினார்கள்.

மலையைப் பற்றி எழுத்துப் பதிவு இல்லாமல் இல்லை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் கொண்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் இடம்பெற்றார்கள். எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட விவரச்சுவடி 1918-ல் வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று அந்தப் பழங்குடியினர் வழிவழியாகச் சொல்லும் கதை, நாடு நாடாகப் பிரிந்த நிர்வாகம், திருமண முறை என அந்த வகை ஆய்வுகளின் கவனம் மக்கள் யார் என்பதிலேயே இருந்தது. வாழவந்தியில் எழுந்த கேள்வி வேறு. இந்தக் காலில் இந்தப் புழு எப்படி வந்தது?

பதில் கிணற்றில் இருந்தது. படிக்கட்டு வழியே இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுகளில் புண்பட்ட கால் நனையும்போது, புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் ஓராண்டு கழித்து அடுத்த புழு தலைகாட்டும். அப்படியானால் மருந்து தேட வேண்டியதில்லை, கால் தண்ணீரில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவும், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும் ஜெஸ்ஸி ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். பல பத்தாண்டுகள் கழித்து அரசின் ஒழிப்புத் திட்டமும் இதே வழியில்தான் போனது. 1996-ல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் நரம்புச் சிலந்தி அற்ற நாடாக இந்தியாவை அறிவித்தது.

முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. வீடு வீடாக எல்லாரும் படுத்துவிட்டால் அடுப்பு மூட்ட யார் இருப்பார்கள்? பிராண்ட் தம்பதியர் அரிசிக் கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராகக் கொண்டுபோய் ஊட்டினார்கள். அந்தக் காய்ச்சலுக்கு அன்று உலகில் எங்குமே மருந்து இல்லை. பக்கத்தில் ஆள் இருந்து தண்ணீரும் கஞ்சியும் கொடுத்ததுதான் பல உயிர்களைக் காத்தது.

சிறுவன் பாலின் நினைவில் ஆழமாகப் பதிந்தது வேறொரு நாள். தொழுநோயாளிகள் மூவர் வீட்டுக்கு வந்தார்கள். எப்போதும் வெறும் கையோடு புண்களைத் தொடும் அப்பா அன்று கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் பாதங்களைக் கழுவி, மருந்து போட்டுக் கட்டினார். அவர்கள் போனதும், அவர்கள் தொட்ட கூடையை அம்மா எரித்துவிட்டார். அம்மாவும் அப்பாவும் பயந்து அவன் பார்த்த ஒரே நோய் அது. 1923-ல் படிப்புக்காக இங்கிலாந்து போனபோது அவனுக்கு 9 வயது. 1929-ல் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். மகன் அவரை மறுபடி பார்க்கவே இல்லை.

பால் முதலில் கட்டுமானத் தொழில் கற்றார், பிறகு அறுவை மருத்துவம். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டில் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரை நோயாளிகளிடையே அழைத்துப் போனார். விரல்கள் மடங்கிப் பருந்தின் நகம் போலிருந்த ஒரு கையைப் பிடித்த பால் திடுக்கிட்டார். அந்தக் கை அவர் கையை நசுக்கிவிடும் போல இறுக்கியது. செயலற்றுப் போனதென்று எல்லாரும் கைவிட்ட கையில் வலுவான தசைகள் இன்னும் உயிரோடு இருந்தன.

தொழுநோயில் சதை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றுதான் அதுவரை நம்பினார்கள். வேலூரில் 1948 முதல் நடந்த ஆய்வு அதை மறுத்தது. கிருமி நரம்பைத் தாக்குகிறது, வலி போய்விடுகிறது, வலி இல்லாததால் சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் கால் புண்ணோடு நடந்தாலும் தெரிவதில்லை. அடிமேல் அடி பட்டுத்தான் உறுப்பு தேய்கிறது. இரவில் விரல் காணாமல் போவது ஏன் என்று காத்திருந்து பார்த்தபோது, தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. வலி எழுப்பாததால் அவர் விழிக்கவில்லை. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுத்தார்கள்.

நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறை அங்கேதான் வளர்ந்தது. கை நிமிர்ந்தவர்கள் தொழில் கற்க, 1951-ல் நவஜீவன நிலையம் தொடங்கியது. 1955-ல் கரிகிரி ஆய்வு மருத்துவமனை திறந்தது. பாதப் புண்ணுக்கு மென்ரப்பர் செருப்பு வந்தது. மருந்துச் சீட்டில் செருப்பு எழுதிய காலம் அது. கொல்லிமலையில் அப்பா புண்பட்ட பாதத்தைக் கழுவியதற்கும் மகன் அந்தப் பாதத்துக்கு ஏற்ற செருப்பைத் தேடியதற்கும் இடையே நேர்க்கோடு ஒன்று இருக்கிறது.

ஈவ்லின் மலையை மறக்கவில்லை. மிஷன் பணி ஓய்வு கொடுத்ததும் தானாகவே மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரையில் ஏறி மலை மலையாகப் போய் வைத்தியம் பார்த்தார். 1974-ல் 95 வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவர் பக்கத்தில் அடக்கமானார்.

பால் பிராண்ட் மருத்துவத்தில் புகழ்பெற்ற பிறகும் அடிக்கடி சொன்ன மலைக்கதை நோயைப் பற்றியது அல்ல, சேற்றைப் பற்றியது. சிறுவர்கள் படிக்கட்டு வயலில் தவளை பிடிக்கிறார்கள். மிதித்த மிதியில் தண்ணீர் கலங்கி, வரப்பு வாய் வழியே கீழ் வயலுக்கு வடிகிறது. வயதான ஒரு தாத்தா வந்து, ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது கீழே போனால் மேலே வருமா என்று கேட்கிறார். கையளவு சேறு ஆண்டுதோறும் சோறு போடும் என்பது அவர் கணக்கு. மண்ணைக் காக்கும் கொள்கைக்கு உதவுமென்றால் மருத்துவத்தையே விட்டுவிடலாம் என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தாத்தாவின் கேள்வி பாலைத் துரத்தியது.

அந்தக் கேள்வியை மலைக்கு மறுபடி கொண்டுவந்தது சாலை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை ஏறியது. பிரசவத்துக்குக் கீழே போக டோலியை நம்ப வேண்டிய நிலை பெருமளவு மாறியது. 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்சும் வந்தது. சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கோ, சாலைவரை வருவதே இன்னும் பாதி வைத்தியம்.

அதே சாலையில் லாரியும் ஏறியது. சேலத்தில் ஜவ்வரிசித் தொழில், இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோன 1943 வாக்கில் தொடங்கியது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தபோது அது பெரிய தொழிலாகியிருந்தது. ஆலைக்குக் குச்சிக்கிழங்கு வேண்டும். கொல்லிமலைச் சரிவில் குச்சி ஊன்றினால் கிழங்கு கிடைக்கும். வியாபாரி வந்து பணம் கொடுப்பார், லாரி அள்ளிப் போகும். சாமையும் தினையும் விளைந்த காடுகள் ஒவ்வொன்றாகக் கிழங்குக் காடாயின. கிழங்கைப் பிடுங்கும்போது சரிவின் மண் கிளறி விடப்படுகிறது. அடுத்த மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகிறது.

எம்.எஸ். சுவாமிநாதன் 1988-ல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990-களில் மலையேறி, சிறுதானியம் ஏன் மறைகிறது என்று கேட்டார்கள். கிழங்கின் காசு, ரேஷன் அரிசி, சந்தை இல்லாமை என்று பல காரணங்கள் கிடைத்தன. பெண்கள் சொன்ன காரணம் உலக்கை.

கேழ்வரகு லேசானது, தோல் நீக்க வேண்டியதில்லை, அரைத்தால் மாவு. சாமை அப்படியல்ல. உமி தானியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். உரலில் போட்டுக் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும், மறுபடி உரலில் போட்டுக் குத்த வேண்டும். காட்டு வேலை முடித்து, தண்ணீர் சுமந்து, பிள்ளையைப் பார்த்து, படுத்திருக்கும் மாமியாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அதன் பிறகு குத்த வேண்டும். ரேஷன் அரிசியைக் களைந்து உலையில் போட்டால் போதும். உலக்கை பிடித்த கைகள் எந்தப் பக்கம் சாயும் என்பதைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. கேட்பதற்கு ஆள்தான் தேவைப்பட்டது.

அதனால் ஆய்வாளர்களின் திட்டம் விதைகளைச் சேமிக்கும் மரபணு வங்கியோடு நிற்கவில்லை. பெண்கள் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் ஊரிலேயே உமி நீக்கும் எந்திரமும் மாவு மில்லும் வந்தன. சாமை அரிசியும் தினை மாவும் பொட்டலமாகிக் கீழே விற்பனைக்குப் போயின. 2001-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடும், 2011-ல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தும் ஆய்வு விரிந்தது. கட்டவெட்டிச் சாமை, மல்லிச்சாமை, திரிகுலாச் சாமை, செந்தினை, கோரந்தினை என்று பாட்டிமார் நாக்கில் மட்டும் மிஞ்சியிருந்த பெயர்கள் ஏட்டில் ஏறின. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷனில் சிறுதானியத்துக்கும் இடம் கொடுத்தது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அறிவிப்புகளுக்கு முன்பே மலையில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த மலையில் உடல்நலம் ஒரு துறை, சாலை இன்னொரு துறை, மண் மூன்றாவது துறை என்று பிரித்துப் பார்த்தவர்களால் விடை காண முடிந்ததில்லை. கிணற்றுப் படியைப் பார்த்தவருக்குத்தான் காலில் இருந்த புழு புரிந்தது. உரலைப் பார்த்தவர்களுக்குத்தான் வயலில் சாமை குறைந்தது புரிந்தது.

கொல்லிமலையில் தானியம் சேமிக்கத் தொம்பை என்று ஒன்று உண்டு. மண் பூசிக் கட்டி, ஈரம் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்தி வைப்பார்கள். சமுதாய விதை வங்கி தொடங்கியபோது, விதை வைக்க இந்தப் பழைய முறையும் கைகொடுத்தது. விதைப்புக்கு முன் விதை வாங்கியவர், அறுவடை முடிந்ததும் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி அளப்பார். தாத்தா அள்ளிக் காட்டிய அதே மலைமண்ணைக் குழைத்துப் பூசிய சுவருக்குள் அடுத்த பருவத்துச் சாமை காத்திருக்கும்.